வலி மாத்திரையும் கர்ப்பிணித் தாயும்: பெயரறிந்து உட்கொள்வோம்

கர்ப்பம் உறுதியான நாள் முதல் ஒரு பெண்ணின் காதில் விழும் அறிவுரைகளுக்கு அளவில்லை. பப்பாளி உண்ணாதே, பளு தூக்காதே என்னும் வரிசையில், "எந்த மாத்திரையும் போடாதே, வலியைப் பொறுத்துக்கொள்" என்பதும் தவறாமல் இடம்பெறுகிறது. அதே வீட்டில், ஏழாம் மாதத்தில் இடுப்புவலி தாங்காமல் அவர் இரவெல்லாம் புரண்டு படுக்கும்போது, மருந்துக்கடைக்கு ஆளனுப்பி ஒரு வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறது. இரண்டும் அன்பினால் செய்யப்படுபவையே. ஆனால் இரண்டிலும் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது: அந்த மாத்திரையின் பெயர் என்ன?

மருந்துச் சீட்டின்றிக் கிடைக்கும் வலி நிவாரணிகள் அனைத்தையும் "வலி மாத்திரை" என்னும் ஒரே பெயரால் அழைப்பதே பல சிக்கல்களுக்கு வேர் என்பது எங்கள் கருத்து. அவற்றுள் ஒன்றான பாராசிட்டமால், தேவை ஏற்படும்போது கர்ப்பிணிகள் முறையாக எடுத்துக்கொள்ளத் தக்கது. அதை மறுப்பதே சில வேளைகளில் தீங்காக முடியும். மற்றவற்றுள் பெரும்பாலானவை, குறிப்பாக 20 வாரங்களுக்குப் பின், மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாதவை. இன்று நம் குடும்பங்களில் அச்சம் முதலாவதன் மீது விழுகிறது. எச்சரிக்கை தேவைப்படும் மற்றவையோ கவனிப்பின்றி வீட்டுக்குள் நுழைகின்றன. இந்நிலை மாறவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு

கர்ப்ப காலத்தில் மருந்தைக் கண்டு அஞ்சுவதை அறியாமை என்று நாங்கள் ஒதுக்கவில்லை. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. மிகவும் பாதுகாப்பானது என்று விளம்பரப்படுத்தப்பட்ட அம்மருந்து அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைத்தது. மசக்கைக்கும் பல நாடுகளில் அது கொடுக்கப்பட்டது. 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளர்ச்சிக் குறைபாடுகளுடன் பிறந்திருந்தனர். அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரான பிரான்சிஸ் கெல்சி, பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று கூறி அனுமதியை நிறுத்தி வைத்ததால் அந்நாடு பெரும்பாலும் தப்பியது.

நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் தடுத்து நிறுத்தும் மதில் என்று எண்ணக்கூடாது என்பதை உலகம் அன்று கற்றது. தாய் உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பாலானவை ஓரளவேனும் குழந்தையைச் சென்றடைகின்றன. பாராசிட்டமாலும் அவ்வாறே சென்றடைகிறது. ஆகவே "இது பாதுகாப்பானதா?" என்று ஒரு தாய் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு மருந்தின் பெயரை வைத்தே விடை சொல்ல வேண்டும்.

2025 செப்டம்பரில் எழுந்த கலக்கம்

2025 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப், கர்ப்பிணிகள் டைலனால் என்னும் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்றும், அது பிறக்கும் குழந்தைக்கு ஆட்டிசம் வருவதோடு தொடர்புடையது என்றும் அறிவித்தார். டைலனால் என்பது அந்நாட்டு வணிகப் பெயர். அதிலுள்ள மருந்து, நம் ஊரில் டோலோ, குரோசின், கால்பால் என்னும் பெயர்களில் கிடைக்கும் அதே பாராசிட்டமால்தான். அச்செய்தி கைப்பேசி வழியே நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. "டோலோ போட்டுவிட்டேன், குழந்தைக்கு ஆட்டிசம் வருமா?" என்னும் கேள்வியைத் தாய்மார்கள் எங்களிடம் கேட்கின்றனர்.

அதே நாளில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எழுதிய கடிதத்திலேயே, தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறினாலும், பாராசிட்டமால்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று குறிப்பிட்டிருந்தது. ஐரோப்பிய மருந்து முகமையும் உலக சுகாதார அமைப்பும் அடுத்த இரு நாட்களுக்குள் தத்தம் விளக்கத்தை வெளியிட்டன. அத்தகைய தொடர்பை உறுதிசெய்யும் சான்று இல்லை என்பதே அவற்றின் சாரம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் தன் பரிந்துரையை மாற்றவில்லை.

மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2021-இல் 91 அறிவியலாளர்கள் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று, பாராசிட்டமாலைக் கர்ப்பிணிகள் கவனத்துடன் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் 46 ஆய்வுகளைத் தொகுத்து வெளியான மற்றொரு கட்டுரையும் தொடர்பு இருக்கலாம் என்றது. இவற்றை எழுதியோர் பொறுப்பற்றவர்கள் அல்லர். ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. பாராசிட்டமால் எடுக்கும் தாய் சும்மா எடுப்பதில்லை. காய்ச்சல், நோய்த்தொற்று, ஒற்றைத் தலைவலி, நீடித்த வலி ஆகியவற்றுள் ஏதோ ஒன்று அவருக்கு இருந்திருக்கிறது. குழந்தையின் மூளை வளர்ச்சியில் வேறுபாடு தெரிந்தால், அது மாத்திரையால் வந்ததா, மாத்திரையைத் தேட வைத்த நோயால் வந்ததா, அல்லது அக்குடும்பத்தின் மரபணுவால் வந்ததா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்த இரு குழந்தைகளை ஒப்பிடுவதே அது. ஒருவரைச் சுமந்தபோது தாய் பாராசிட்டமால் எடுத்திருக்கிறார், மற்றவரைச் சுமந்தபோது எடுக்கவில்லை என்று கொள்வோம். தாயும் குடும்பப் பின்னணியும் இரு குழந்தைகளுக்கும் பொதுவாக இருப்பதால், மாத்திரையின் தாக்கத்தை ஓரளவு தனித்துக் காணலாம். ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறத்தாழ 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு இத்தகைய ஆய்வு நடத்தப்பட்டு, 2024-இல் வெளியானது. பொதுவாக ஒப்பிட்டபோது மிகச் சிறிய தொடர்பு தென்பட்டது. உடன்பிறந்தோரை ஒப்பிட்டபோது ஆட்டிசம், கவனக்குறைவு மிகைச்செயல்பாடு, அறிவுத்திறன் குறைபாடு ஆகிய மூன்றிலும் அத்தொடர்பு மறைந்துவிட்டது. இதுவும் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வே. இதற்கும் வரம்புகள் உண்டு. எனினும் இன்று கையிலுள்ள சான்றுகளை எடைபோட்டால், தேவையுள்ள தாய்க்குப் பாராசிட்டமாலை மறுக்கக் காரணம் இல்லை என்றே நாங்கள் கருதுகிறோம். நாளை இதனினும் வலுவான சான்று வந்தால் எங்கள் அறிவுரையும் மாறும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மார்களும் இவ்விதழைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு சொல். தாயின் அன்பு குளிர்ந்து போனதால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வருகிறது என்று கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் படித்தவர்களே கூறினர். "குளிர்பதனப் பெட்டித் தாய்" என்று அத்தாய்மார்களுக்குப் பெயரும் வைத்தனர். அக்கருத்து பொய்யென்று ஒதுக்கப்படுவதற்குள் எத்தனையோ பெண்கள் குற்றவுணர்வில் வெந்தனர். பழி சுமத்தும் சொல் இன்று வேறு உருவில் வருகிறது. பத்தாண்டுகளுக்கு முன் காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரையை நினைவில் தேடி உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். மரபணுவும் வேறு பல காரணிகளும் பின்னிய ஒன்றை ஓர் அட்டை மாத்திரையின் மேல் ஏற்ற அறிவியல் இடந்தரவில்லை.

காய்ச்சலைப் பொறுத்துக்கொள்வதன் விலை

"எதற்கு வம்பு, மாத்திரையே வேண்டாம்" என்பது பாதுகாப்பான முடிவுபோலத் தோன்றும். காய்ச்சலைப் பொறுத்தவரை அது அவ்வாறில்லை. கருத்தரித்த முதல் நான்கு வாரங்களுக்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. அக்காலத்தில் தாய்க்கு ஏற்படும் கடும் காய்ச்சல், நரம்புக் குழாய்க் குறைபாடுகளின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. பிந்தைய மாதங்களிலும் கடும் காய்ச்சல் தாயின் உடல்நீரை வற்றச் செய்யும்; குழந்தையின் இதயத்துடிப்பை விரைவுபடுத்தும்.

நம் பகுதியில் மழைக்காலம் வந்தால் டெங்குக் காய்ச்சலும் வருகிறது. டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து இரத்தக்கசிவு நேரக்கூடும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை அக்கசிவை மிகுவிக்கும் என்பதால் டெங்கு ஐயமுள்ள எவருக்கும் அவை விலக்கப்படுகின்றன. காய்ச்சலைத் தணிக்கக் கொடுக்கப்படுவது பாராசிட்டமால்தான். ஆட்டிசம் பற்றிய செய்தியைக் கேட்டுப் பாராசிட்டமாலை விலக்கி, "வேறு ஏதாவது கொடுங்கள்" என்று கடையில் கேட்டு வாங்கும் கர்ப்பிணி, இல்லாத ஆபத்துக்கு அஞ்சி இருக்கும் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்.

எச்சரிக்கை தேவைப்படும் மாத்திரைகள்

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், நாப்ராக்ஸன், வலிக்கு எடுக்கும் அளவிலான ஆஸ்பிரின், நிமசுலைடு ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்று இக்குடும்பத்தை அழைக்கிறோம். வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமான புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் சுரப்பதை இவை குறைக்கின்றன. வலி தணிவது அதனால்தான். கருவிலுள்ள குழந்தைக்கோ அதே புரோஸ்டாகிளாண்டின் இரண்டு இன்றியமையாத பணிகளுக்குத் தேவைப்படுகிறது.

முதலாவது, குழந்தையின் சிறுநீரகங்களுக்குச் செல்லும் இரத்த ஓட்டம். கர்ப்பத்தின் இரண்டாம் பாதியில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே. சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்தால் நீரும் குறைகிறது. இரண்டாவது, குழந்தையின் இதயத்தை ஒட்டியுள்ள டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் என்னும் இரத்தக்குழாய். கருவில் நுரையீரல் சுவாசிப்பதில்லையாதலால், இக்குழாய் இரத்தத்தை நுரையீரலைத் தவிர்த்து உடலுக்கு அனுப்புகிறது. பிறந்தபின் சில நாட்களில் தானே மூடிக்கொள்ள வேண்டிய இக்குழாய், இம்மருந்துகளால் கருவிலேயே சுருங்கக்கூடும்.

இரண்டாவதாகச் சொன்ன தீங்கு மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும்; அதனால் 30 வாரங்களுக்குப் பின் இம்மருந்துகளைத் தவிர்க்கச் சொல்லி வந்தோம். 2020 அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பனிக்குட நீர் குறையும் ஆபத்தைக் காட்டி, அந்த எல்லையை 20 வாரமாக முன்னுக்குக் கொண்டுவந்தது. பெரும்பாலும் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை தொடர்ந்து எடுத்தபோது நீர் குறைந்ததாகவும், அரிதாக 48 மணி நேரத்திலேயே குறைந்ததாகவும் அது குறிப்பிட்டது. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நீர் மீண்டும் சீராகிவிடுகிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணும்போது 20 வாரம் என்பது ஏறத்தாழ ஐந்தாம் மாதம். முதுகுவலியும் இடுப்புவலியும் தொடங்கி மாத்திரையை நாடும் காலமும் பெரும்பாலும் அதுவே. அதற்கு முந்தைய மாதங்களிலும் மருத்துவர் சொல்லாமல் இவற்றை எடுக்காதிருப்பதே நல்லது.

சிக்கல் என்னவெனில், இம்மருந்துகள் தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. காம்பிஃப்ளாம் என்பதில் பாராசிட்டமாலுடன் இபுப்ரோஃபென் கலந்திருக்கிறது. ஜீரோடால்-பி என்பதில் அசெக்ளோஃபெனாக் இருக்கிறது. "பி" என்பது உடன் சேர்ந்த பாராசிட்டமாலைக் குறிக்கிறது. மாதவிடாய் வலிக்காகப் பல பெண்கள் கைப்பையில் வைத்திருக்கும் மெஃப்டால்-ஸ்பாஸ் என்பதில் மெஃபெனாமிக் அமிலம் இருக்கிறது. சாரிடான் மூன்று மருந்துகளின் கலவை. அவற்றுள் ஒன்று புரோபிஃபெனசோன் என்னும் வலி நிவாரணி. ஒற்றைத் தலைவலிக்குப் பலரும் வாங்கும் வாசோகிரேன் என்பதில் எர்காட்டமின் உண்டு. எர்காட்டமின் கருப்பையைச் சுருங்கச் செய்வது. கர்ப்பிணிகளுக்கு முற்றிலும் விலக்கப்பட்டது. இவற்றை நாங்கள் குறைகூறவில்லை. கர்ப்பமில்லாத ஒருவருக்கு, மருத்துவர் சொற்படி, இவற்றுக்கு உரிய இடம் உண்டு. கர்ப்பிணியின் கைக்கு இவை தவறி வருவதே எங்கள் கவலை.

டிரமடால் கலந்த வலி மாத்திரைகளும் கோடீன் கலந்த இருமல் மருந்துகளும் இதேபோல் மருத்துவர் எழுதினாலன்றித் தொடக்கூடாதவை. இவற்றைத் தாய் தொடர்ந்து எடுத்தால், பிறந்த குழந்தை அம்மருந்து திடீரென நின்றதால் வரும் நடுக்கத்துக்கும் மூச்சுத் திணறலுக்கும் ஆளாகக்கூடும்.

பூசும் மருந்துதானே என்று களிம்புகளையும் அலட்சியமாக எண்ணவேண்டாம். டைக்ளோஃபெனாக் உள்ள களிம்பு தோல் வழியே ஓரளவு இரத்தத்தில் கலக்கும். வயிறு, இடுப்பு, தொடை என்று பரந்த இடத்தில் நாள்தோறும் பலமுறை தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் அதனை அறவே விடுவது நல்லது.

நிறுத்தக்கூடாத ஆஸ்பிரின்

மேற்சொன்னதைப் படித்துவிட்டு யாரும் அவசரப்பட்டு நிறுத்திவிடக்கூடாத மருந்து ஒன்று உண்டு. 75 முதல் 150 மில்லிகிராம் வரையிலான குறைந்த அளவு ஆஸ்பிரினைச் சில கர்ப்பிணிகளுக்கு நாங்களே எழுதுகிறோம். முந்தைய கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்தவர்கள், ஏற்கெனவே உயர் இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள் ஆகியோருக்குப் பெரும்பாலும் 12 முதல் 16 வாரங்களுக்குள் அது தொடங்கப்படுகிறது. ப்ரீ-எக்லாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோயைத் தடுப்பதே அதன் நோக்கம். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்நோய் வரும் வாய்ப்பு மிகுந்த தாய்மார்கள் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தபோது, 37 வாரத்திற்கு முன் பிரசவத்தில் முடியும் கடுமையான வகை 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தது. அமெரிக்க எச்சரிக்கையிலும் குறைந்த அளவு ஆஸ்பிரினுக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. உங்கள் மருத்துவர் எழுதியிருந்தால், அண்டை வீட்டாரின் சொல்கேட்டு அதை நிறுத்தாதீர்கள். வலிக்கு எடுக்கும் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் வேறு, இது வேறு.

தெரியாமல் எடுத்துவிட்டவர்களுக்கு

மாதவிடாய் தள்ளிப்போனதை உணரும் முன்பே தலைவலிக்கோ பல்வலிக்கோ ஏதோ ஒரு மாத்திரை எடுத்துவிட்டு, பின்னர் கர்ப்பம் என்று தெரிந்ததும் நடுங்கிப்போய் வருவோர் உண்டு. "குழந்தை ஊனமாகப் பிறக்குமோ? கலைத்துவிடலாமா?" என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதுதான்: இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ஒன்றிரண்டை அறியாமல் எடுத்துவிட்டது கருவைக் கலைப்பதற்குரிய காரணம் ஆகாது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றனர். மாத்திரையின் அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். எடுத்த நாள், அளவு, அப்போதைய வாரம் ஆகியவற்றைக் கொண்டு, தேவையெனில் ஸ்கேன் பார்த்து முடிவு சொல்வோம். யாரிடமும் சொல்லாமல் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்குவது, எடுத்த வலி மாத்திரையைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. உதிரப்போக்கால் உயிருக்கே கேடு நேரலாம்.

இவ்விடத்தில் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். "ஏன் போட்டாய்?" என்று அதட்டினால், அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். அவர் சொல்லாததை எங்களால் கவனிக்க இயலாது.

பாராசிட்டமாலை எடுக்கும் முறை

பாதுகாப்பானது என்பதால் அளவின்றி எடுக்கலாம் என்று பொருளில்லை. முதலில், மாத்திரை இல்லாமல் தீருமா என்று பாருங்கள். பசியாலும் நீர் குறைவாலும் உறக்கமின்மையாலும் வரும் தலைவலி உணவிலும் ஓய்விலும் தணியும். இடுப்புவலிக்கு ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைப்பதும், இளஞ்சூட்டு ஒத்தடமும் பலருக்கு உதவுகின்றன. தணியாவிட்டால் பாராசிட்டமால் மட்டுமே உள்ள 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை எடுக்கலாம். அடுத்ததற்கு ஆறு மணி நேரமேனும் இடைவெளி விடுங்கள். ஒரு நாளில் நான்கு மாத்திரைகளுக்கு மேல் வேண்டாம். உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் தமக்குரிய அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சளிக்கும் காய்ச்சலுக்கும் விற்கப்படும் கலவை மாத்திரைகளுள் பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு. அதையும் தனிப் பாராசிட்டமாலையும் சேர்த்து எடுத்தால் அளவு இரட்டித்துவிடும். மிகையான பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். இரண்டு நாட்களுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் மூன்றாம் மாத்திரை அட்டையை வாங்காமல் மருத்துவரிடம் வாருங்கள். தேவையான வேளையில், தேவையான அளவில், கூடியவரை குறைந்த நாட்களுக்கு என்பதே விதி.

வலி எச்சரிக்கையாக வரும் வேளைகள்

எந்த மாத்திரையாலும் அடக்கக்கூடாத வலிகளும் உண்டு. 20 வாரங்களுக்குப் பின் வரும் கடுந்தலைவலி, கண்முன் மின்னுதல் அல்லது மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவை ப்ரீ-எக்லாம்ப்சியாவின் அறிகுறிகளாக இருக்கலாம். அவ்வேளையில் மாத்திரை போட்டுப் படுத்துவிடாமல் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்து மயக்கமும் வந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். உதிரப்போக்குடன் கூடிய வயிற்றுவலி, விட்டுவிட்டு ஒழுங்காக வரும் இடுப்புவலி, நீர்க்கடுப்புடன் கூடிய காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கத்துடன் வலி, நெஞ்சுவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எதுவாயினும் நாளைவரை காத்திராதீர்கள். இரவானாலும் 108-ஐ அழையுங்கள்.

யார் என்ன செய்ய வேண்டும்

டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் போன்றவை சட்டப்படி மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டிய எச் பட்டியல் மருந்துகள். கடையில் கேட்டால் கிடைத்துவிடுகிறது என்பதால் அவை சீட்டு தேவைப்படாத மருந்துகள் ஆகிவிடா. மருந்துக்கடையில் இருப்போர், வலி மாத்திரை கேட்டு வரும் எவரிடமும் "யாருக்கு? கர்ப்பமாக இருக்கிறாரா?" என்று ஒருமுறை கேட்க வேண்டும். கணவரோ மாமனாரோ வந்து வாங்கும்போது இக்கேள்வி இன்னும் தேவை. வாங்குபவரின் முகத்தைப் பார்த்து யாருக்கென்று அறிய முடியாதல்லவா?

எங்களுக்கும் கடமை உண்டு. மருந்தின் வணிகப் பெயரோடு நில்லாமல் மருந்துப் பெயரையும் தெளிவாகப் படிக்கும்படி எழுதுவது மருத்துவரின் பொறுப்பு. தாயின் பதிவேட்டில் முதல் வருகையன்றே, "வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும், பிறவற்றைக் கேட்டபின் எடுக்கவும்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் பல குழப்பங்கள் தீரும். பல் மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ செல்லும்போது அப்பதிவேட்டைத் தாய்மார்கள் உடன் கொண்டுசெல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் நிலைமை மாறும். பாலூட்டும் காலத்தில் இபுப்ரோஃபென் பெரும்பாலும் கொடுக்கத் தக்கதே. ஆகவே பிரசவ வார்டில் நாங்கள் அதைக் கொடுத்தால் வியப்படைய வேண்டாம்.

குடும்பத்தார் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியைத் திறந்து, ஒவ்வோர் அட்டையின் பின்புறத்தையும் படியுங்கள். பாராசிட்டமால் என்னும் ஒரே பெயர் உள்ள அட்டையைக் கர்ப்பிணியின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வேறு பெயர்கள் சேர்ந்திருப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட பெயரைப் படிக்க இயலாதவர்கள் அட்டையையே அடுத்த பரிசோதனைக்குக் கொண்டுவரலாம். கிராம சுகாதாரச் செவிலியரிடமும் காட்டலாம். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயருள்ள பகுதி போய்விடுவதுண்டு. பெயர் தெரியும்படி வெட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பெயரில்லாத மாத்திரை எதுவும் கர்ப்பிணிக்கு வேண்டாம்.